பின்னந்தலையில் ஒரு கற்றை

சின்னப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பட்ட பயத்தைத் தலைமுடியை வைத்தே பரிசோதனைக்கூடத்தில் அளந்துவிடலாம். அளவு கூடுதலாக இருந்தால் அந்த வீட்டுக்கு எங்கள் தொண்டு நிறுவனத்திலிருந்து உதவி போகும். தாராவியில் அந்த முடியைக் கத்தரித்து வரும் மாவீரன் நான்.

அன்று ஒரு நாலு வயதுப் பெண்ணின் முறை. அம்மாவின் சம்மதத்தோடு பின்னந்தலையில் மெல்லிய கற்றையொன்றை வெட்டிக் காகிதத்தில் மடித்தேன். அப்போது அவள் அப்பா உள்ளே வந்தார்.

"ஏல, எம் புள்ள முடிய எடுத்து யாருக்குல செய்வினை வைக்கப் போற?"

"அண்ணாச்சி, இது டெஸ்ட்டுக்கு..."

கன்னத்தில் அறை விழுந்தது. கண்ணாடி பறந்தது. அடுத்த உதை என் தொப்பையில். அதைக் குறி தவறவிடுவது யாருக்குமே கஷ்டம். தடுக்க வந்த மனைவியின் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினார். அவள் நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. முடிப் பொட்டலத்தை எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வில் எறிந்தார்.

நான் அலறினேன். அந்த நாலு வயதுக்காரி அலறவில்லை. தினமும் செய்கிற வேலைபோல, தரையிலிருந்த ஸ்டவ்வை அணைத்தாள். குட்டித் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்து, அவன் வாயைப் பொத்தினாள். பிறகு நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள்.

"அங்கிள், ஜல்தி உள்ள வாங்க."

போனேன். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அவரை வெளியே இழுக்கும் சத்தத்துக்கு நடுவே, அங்கிருந்தே மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்.

"சாம்பிள் கிடைச்சுதா?"

"எரிச்சுட்டார், மேடம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. இப்பவே ஆள் அனுப்புங்க."

"அளவு தெரியாம எப்படி?"

"நான் அந்தக் குழந்தை பக்கத்துலதான் கட்டிலுக்கடியில படுத்திருக்கேன், மேடம். நடுங்குறது நான் மட்டும்தான்."