வர்க்கி தின்ற அம்மணியும் ரோ பாசிட்டிவும்

கோயமுத்தூரில் கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். வாத நோய் டாக்டரம்மா அன்றைக்கு போனில் போட்ட ஒவ்வொரு 'ங்க'வும் ஊசியாய்க் குத்தியது. குத்தியே பிழைப்பு நடத்தும் லேப் டெக்னீஷியன் எனக்கே வலித்தது.

தப்பு என்னுடையது. ஷோகிரன்ஸ் என்று ஒரு நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளையே தாக்கும். வாயும் கண்ணும் வறண்டுபோகும். அதற்கு ரத்தத்தில் ரோ, லா என்ற ஆன்டிபாடிகளைத் தேடுவோம். ஸ்ட்ரிப்பில் கோடு விழுந்தால் பாசிட்டிவ். இத்தனை செலவு எதற்கு என்று நான் சொந்தமாக ஒரு டெஸ்ட் கண்டுபிடித்திருந்தேன். ரத்தம் எடுத்ததும் ஒரு ஊட்டி வர்க்கி கொடுப்பேன், தொண்டையில் ஒட்டும் அந்த மொறுமொறு காய்ந்த பிஸ்கட். தண்ணீர் கேட்காமல் தின்றுவிட்டால் நெகட்டிவ். பத்துக்கு ஏழு பொருந்தியது. மீதி மூன்றை நான் எண்ணவில்லை.

உடுமலைப்பேட்டையிலிருந்து நாலரை மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். பெயர் கோகிலா. முதல் குழந்தை ஏழாம் மாதம் வயிற்றிலேயே தவறிவிட்டது. காரணம் தேடித்தான் டாக்டரம்மா டெஸ்ட் எழுதியிருந்தார்.

"வாய் காயுதுங்களா அம்மணி? கண்ணு உறுத்துதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்ணா. பசிதானுங்க. இன்னொரு வர்க்கி இருக்குங்களா?"

மூன்று வர்க்கி. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஸ்ட்ரிப்பில் ரோ கோடு கருகருவென்று விழுந்தது. சாம்பிள் மாறிவிட்டது என்று முடிவு கட்டினேன். டெஸ்ட் ஒழுங்காக ஓடியதைக் காட்டும் கன்ட்ரோல் கோடு சரி, டியூபில் பெயர் சரி. ஆனாலும் வர்க்கி பொய் சொல்லுமா? இந்த டெஸ்ட்டை வாரத்தில் இரண்டு நாள்தான் ஓட்டுவோம், அதைத்தான் ரன் என்போம். அடுத்த ரன்னில் மறுபடி போடலாம் என்று ரிப்போர்ட்டை நிறுத்திவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் அந்த போன்.

"ஏனுங்க சிவசாமி, கோகிலா ரிப்போர்ட் எங்கீங்க?"

"ரோ பாசிட்டிவ் காட்டுதுங்க மேடம். ஆனா அந்தப் புள்ளைக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க. மூணு வர்க்கி தின்னுச்சுங்க. அதான் ரிப்பீட்டுக்கு…"

"வர்க்கிங்களா?"

"ஆமாங்க."

"அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லாமயும் ரோ இருக்குமுங்க. அது நஞ்சுக்கொடி வழியாப் போயி குழந்தையோட இதயத் துடிப்பைக் கெடுத்துப்போடும். பதினாறு வாரத்துலயிருந்தே எக்கோ பாத்துட்டே இருக்கோணும். நீங்க மூணு நாளா அதை வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க. போன மாசம் மதுக்கரை அம்மா ஒருத்தங்களுக்கு ரோவும் இல்லை லாவும் இல்லைன்னு 'ஒண்ணுமில்லீங்க, போயிட்டு வாங்க'ன்னு அனுப்பிச்சீங்களாமா?"

"ஆமாங்க…"

"உதட்டுல பயாப்சி எடுத்தோமுங்க. ஷோகிரன்ஸ்தான். கோடு விழாமயும் அந்த நோய் இருக்குமுங்க. உங்க வேலை கோட்டைப் பாத்து எழுதறதுங்க. ஆளைப் பாத்துச் சேத்து வெச்சு யோசிக்க நான் ஒருத்தி இருக்கேனுங்க."

பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் போனது. அன்று மாலையே எக்கோ. துடிப்பு சரியாக இருந்தது. மாத்திரை ஆரம்பித்து அடிக்கடி எக்கோ பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் எக்கோ எடுக்கும் சென்டருக்கு போன் போட்டு, "உடுமலை கோகிலாவுக்கு எப்படீங்க?" என்று கேட்பேன். "நீங்க அவங்க சொந்தமுங்களா?" என்றார்கள். என்ன சொல்வது? அந்தக் குழந்தைக்கு மூன்று நாள் எமனாக இருந்தவன் என்றா?

நல்லபடியாகப் பிரசவமானது. பையன். ஒரு மாதம் கழித்துக் குழந்தைக்கு ரத்த டெஸ்ட் எடுக்க கோகிலா தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு ஈசிஜி நன்றாகவே இருந்ததாம். தாயின் ஆன்டிபாடி சில மாதம் பிள்ளையிடம் தங்கியிருக்கும். அதைப் பார்க்கத்தான் இந்த டெஸ்ட்.

அன்றைக்கு ரன் நாள். குட்டிக் காலில் ரத்தம் எடுத்த கையோடு நேரே உள்ளே போய்விட்டேன். குழந்தையின் ஸ்ட்ரிப்பிலும் ரோ கோடு விழுந்தது. கோகிலா வெளியே பெஞ்சில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, பையன் மொகத்தைக்கூடப் பாக்காமயே போயிட்டீங்க?"

"இருங்க அம்மணி, வாரேன்."

பாசிட்டிவ் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டும் கேட்டேன். அதற்குப் பிறகுதான் வெளியே போய்ப் பையனின் முகத்தைப் பார்த்தேன்.