மிச்சமிருந்த சிவப்புத் துணி

போன மாதம் என் மனைவிக்கு ஒரு பார்சல் வந்தது. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து இவளுக்கு ஒட்டுப்போர்வைப் பைத்தியம். துணியைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி என்று வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். கைப்பேசியில் யாரோ ஓர் அம்மாள் செய்து காட்டுகிறார், இவள் சாப்பாட்டு மேசையில் செய்கிறாள், நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். பார்சலில் வந்தது அதற்கான துணி. படத்தில் பார்த்தபோது பளபளவென்று இருந்ததாம். பிரித்துப் பார்த்தவள் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க துணிக்கடையில இருந்தவருதானே, என்னான்னு பாருங்க."

விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. அத்தனையும் கஞ்சி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். எதிர்வீட்டுக்காரரின் கார் எண் தெளிவாகத் தெரிந்தது. கடைசியாக முகர்ந்தும் பார்த்தேன். புளித்த பசையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாடை.

"திருப்பி அனுப்ப முடியாதாம். இத வச்சுக்கிட்டு என்னதான் பண்றது?" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அது சாதாரணக் கேள்வியாகப் படவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருடங்களுக்கு முன்னால், இதே கேள்வியை, இதே வாடையடித்த ஒரு துணியைப் பற்றி, வேறொரு பெண் என்னிடம் கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. வீட்டில்கூட யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மலேசியாவின் பினாங்குத் தீவில், பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளன். புடவைக் கடை இல்லை. புடவை விற்பவர்கள் அப்போதே தங்களை ஒரு படி மேலாக நினைத்துக்கொள்வார்கள். எங்களுடையது வெட்டுத்துணிக் கடை. பாவாடைத் துணி, சட்டைத் துணி, திரைச்சீலை, பள்ளிச் சீருடை. மீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் கடையில் கெஜம்தான். சட்டைப் பையில் கத்தரிக்கோலின் கைப்பிடி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, மீசையைத் தடவியபடி வாசலில் நிற்பேன். அந்த மீசையை இப்போது போட்டோவில் பார்க்கும்போது, இவனிடம் யார் துணி வாங்கியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வாங்கினார்கள். எனக்குப் பேச வரும். அதுதான் வினை.

அந்த வருடம் கடைக்கு ஒரு லாட் சிவப்புக் காட்டன் வந்தது. நல்ல அடர்ந்த சிவப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பார்வைக்கு அவ்வளவு அழகு. ஒருநாள் மாலை மழைச் சாரல் கடைமுன் இருந்த ஐந்தடி நடைபாதையைத் தாண்டி உள்ளே அடித்து, வாசலில் நிறுத்தியிருந்த ஒரு சுருள் நனைந்துவிட்டது. தூக்கி உள்ளே வைத்தேன். என் இரண்டு உள்ளங்கையும் சிவப்பு. வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை. முதலாளி பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் சொன்னார்: "அந்தச் சிவப்ப எப்படியாச்சும் தள்ளி விட்ருப்பா."

அவர் கெட்டவர் இல்லை. கடைப் பையன்கள் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வரும். தள்ளிவிடு என்றாரே தவிர, பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பகுதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பரிமளம் அக்கா வந்தார். கடலைத் தாண்டி, அக்கரையிலிருக்கும் பாகான் டாலாமிலிருந்து. நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய குடை, யாரையும் அவசரப்படுத்தாத குரல். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கூட வேலை போன ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தன் அடுக்குமாடிக்குக் கீழேயிருந்த சின்ன மண்டபத்தில் ஒட்டுப்போர்வை தைக்க ஆரம்பித்திருந்தார். ஆறு பேருக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தது. பத்து பெர்ரிங்கி கடற்கரையில் ஒரு சின்ன விடுதி, கட்டிலுக்குக் கட்டில் போட இருபது போர்வை கேட்டிருக்கிறது. முதல் ஆர்டர். பிடித்திருந்தால் தொடர்ந்து வாங்குவார்களாம். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது, நான் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தில். சந்தோஷத்தில் இருப்பவர்கள் கடைக்காரனிடம்கூடப் பேசுவார்கள்.

சிவப்பைப் பார்த்ததும் கை வைத்தார். விடவில்லை.

"சாயம் போகுமா தம்பி?"

"போகாதுக்கா. மில் துணி. நம்பி எடுங்க லா."

ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. யோசித்து, தயங்கி, பிறகு பொய் சொன்னவனைவிட இவன் மோசம். அறுபது கெஜம் எடுத்தார். முதலாளி தூரத்திலிருந்து தலையசைத்தார். அன்று மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை. அதையும் ரசித்துச் சாப்பிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் இருக்கும், பரிமளம் அக்கா மறுபடி வந்தார். கையில் குடை, தோளில் ஒரு பை. பையிலிருந்து போர்வை ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் நிறமாகியிருந்தன. சிவப்புச் சதுரங்கள் நைந்து, சில இடங்களில் உள்ளே இருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது. விடுதியில் இருபதையும் வெள்ளை விரிப்புகளோடு சேர்த்து மெஷினில் போட்டிருக்கிறார்கள். விரிப்புகளும் போயின. போர்வைகளை மூட்டையாகக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. "நீங்க போகாதுன்னு சொன்னீங்க தம்பி" என்றார்.

முதலாளி எழுந்து வந்தார். துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்படியா சொன்ன?" என்றார். அவருக்கும் எனக்கும் உண்மை தெரியும். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கையால தனியாத் தொவைக்கணும்னு சொன்னேன் முதலாளி."

பரிமளம் அக்கா என்னையே பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. தெரிந்த முகம் என்று நினைத்துக் கிட்டே போய், வேறு யாரோ என்று தெரிந்தால் ஒரு பார்வை வருமே, அது. போர்வையைப் பொறுமையாக நான்காக மடித்துப் பையில் வைத்தார். முதலாளி ஏதோ மாற்றுத் துணி தருவதாகச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"வீட்டுல இன்னும் இருபது கெஜம் மிச்சம் கெடக்கு. அத என்ன பண்றதுன்னாச்சும் சொல்லுங்க" என்றார்.

நான் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக்கு லீவு. அடுத்த லீவில் அக்கரைக்குப் போகும் பெர்ரிப் படகில் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அந்தப் பழைய பெர்ரியில் கார்களுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே, திரும்பிப் போய்விடலாமா என்று பாதிக் கடல் வரை நினைத்தேன். பெர்ரி நடுக்கடலில் திரும்பாது என்பதால் போய்ச் சேர்ந்தேன். பாகான் டாலாமில் தையல் பரிமளம் என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள்.

கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படவில்லை. "சாப்டீங்களா?" என்றார். அடுப்பில் பெரிய அலுமினியப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே அந்த இருபது கெஜம். நான் சொல்லாத பதிலை அவரே தேட ஆரம்பித்திருந்தார். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி, மறுபடி கொதிக்கவைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாமல் செய்து பார்ப்பது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். பானையைத் தூக்கிக் கீழே கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுவது என் வேலை. ஒவ்வொரு தடவையும் ரத்தமாக ஓடியது. "என்னாங்க, ஆடு வெட்டினீங்களா?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். சிரிக்க வேண்டிய இடம். சிரிக்க முடியவில்லை.

எட்டாவது தண்ணீரில்தான் நிறம் வெளுத்தது. துணியும் கொசுவலைபோல ஆகிவிட்டது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். மெதுவாகத்தான் பிழிய வேண்டியிருந்தது. கொஞ்சம் இழுத்தாலும் கிழிந்தது. அந்த முறுக்கலின் நடுவில்தான் சொன்னேன்.

"அக்கா, சாயம் போகும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் பிழிவதை நிறுத்தவில்லை. "ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். இல்லாட்டி நீ ஏன் இவ்ளோ தூரம் வரப்போற?" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. பிறகு சொன்னார்: "ஒரு வெள்ளக் கைக்குட்டைய நனச்சுத் தேச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். எப்பவும் பாப்பேன். அன்னைக்கு நீ சொன்னியேன்னு விட்டுட்டேன்."

சாயங்காலம் துணி காய்ந்ததும் விரித்துப் பார்த்தோம். முக்கால்வாசி உதவாது. மீதியை அவர் வெட்டி அடுக்கினார். வெளியே தெரியும் இடத்துக்கு ஆகாது, பஞ்சுக்கும் மேல்துணிக்கும் நடுவில் உள்துணியாக வைத்தால் உழைக்கும் என்றார். சோறும் மீன்குழம்பும் போட்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"எங்கிட்ட சொல்லிட்ட, சரி. அந்த ஆறு பேருகிட்ட நல்ல துணின்னு சொன்னது நான்தானே? அவங்க கேக்கறப்ப நான் என்னா சொல்றது? அடுத்த லீவுல வந்து நீயே ஒரு வார்த்த சொல்லிடு. ஏசினா ஏசட்டும். கேட்டுக்க."

"வரேன்க்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

போகவில்லை. அடுத்த லீவு ஞாயிறு தீபாவளி வியாபாரத்தில் போயிற்று. அதற்கடுத்தது எனக்கு ஜுரம், உண்மையான ஜுரம்தான். அதற்கும் அடுத்ததில் பெர்ரி நிலையம் வரை போய், காப்பி குடித்துவிட்டு, ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்ப்பதை நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அதன் பிறகு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு பதில் தேவைப்பட்டது. இப்படித்தான் நாட்கள் போகின்றன. யாரும் நம்மைத் தடுப்பதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு தைப்பூசத்தில், தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு பெண் என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். "துணிக்கடை அண்ணன்தானே? நான் லெட்சுமி. பரிமளம் அக்காகிட்ட தச்சுக்கிட்டு இருந்தேன். சிவப்புத் துணி வாங்க அவங்க கூட வந்திருக்கேன், வாசல்ல நின்னேன்" என்றாள்.

அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவங்க தங்கச்சி வீட்டோட ஜொகூர் போய்ட்டாங்கண்ணே. போர்வையெல்லாம் திரும்பி வந்தப்ப எங்களுக்குள்ள கொஞ்சம் பேச்சாயிடுச்சு. துணி எடுத்தது அவங்கதானே, ஏன் சரியாப் பாக்கலன்னு கேட்டோம். ஆமா, என் தப்புதான்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேரு வேற வேலைக்குப் போய்ட்டாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா நின்னுட்டோம். கடைசியில அவங்க ஒருத்தர்தான் மண்டபத்துல ஒக்காந்து தச்சுக்கிட்டு இருந்தாங்க."

என் பெயரை அவர் சொல்லவேயில்லை. ஆறு பேரிடமும், அவர்கள் கேட்டபோதும், அந்தக் கடைக்காரன் தெரிந்தே ஏமாற்றினான், வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டான் என்று அவர் சொல்லவில்லை. நான் வந்து சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார்.

அங்கேயே லெட்சுமியிடம் சொன்னேன். உறுமி மேளத்துக்கு நடுவில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கி வைத்தாள்.

"இத அவங்க இங்க இருந்தப்ப வந்து சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவருக்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பிக்கொண்டாள்.

ஜொகூர் முகவரி கேட்டு வைத்துக்கொள்ளக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது லெட்சுமியையும் காணோம்.

கடை இப்போது இல்லை. முதலாளி இறந்து, பிள்ளைகள் விற்று, அந்த இடத்தில் ஒரு காப்பிக் கடை. வெள்ளைக்காரர்கள் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கார்களுக்குப் பக்கத்தில் நின்று போகும் அந்தப் பெர்ரிகளும் போய்விட்டன. இப்போது வருபவை சின்னவை, வேகமானவை. மனம் மாற நேரம் தருவதில்லை. பார்சல் வந்த வாரத்திலேயே, ஞாயிறன்று அக்கரைக்குப் போனேன். அடுக்குமாடி நிற்கிறது, வேறு வண்ணம் பூசியிருக்கிறார்கள். கீழே அந்த மண்டபத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளை உத்தரம் வரை அடுக்கி, கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், பரிமளம் அக்கா குடும்பத்தைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தப் பரிமளம்ண்ணே? வீட்டுக்காரர் பேரு என்னா?"

எனக்குத் தெரியவில்லை. அன்று அவர் வீட்டில் ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறேன், அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்குக் கணவர் இருந்தாரா, பிள்ளைகள் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் குற்றத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தையல் பரிமளம்னு சொல்வாங்க" என்றேன்.

அவள் ஒரு பொட்டலத்தை மடித்து வைத்தாள். "அப்படி யாரும் இங்க இல்லையேண்ணே" என்றாள்.