சீர் மெத்தையும் என் மூக்கும்

காலையில் எழுந்தால் இருபது தும்மலாவது போடுவேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எதுல படுக்கிறீங்க?" என்பதுதான். இலவம்பஞ்சு மெத்தை என்றேன். பழைய பஞ்சில் தூசும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் சேரும், அதைத் தூக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் ஜிப் வைத்த உறைக்குள் போட்டு முழுசாக மூடுங்கள் என்றார்.

தூக்கிப் போடுவதா? அது கல்யாணச் சீரில் வந்த மெத்தை. "எங்க ஊட்டுச் சீரைக் குப்பையில போடுவீங்களா?" என்று மனைவி அழுதாள். சரி, உறை வாங்கலாம் என்றேன். "எங்கப்பன் குடுத்ததுக்குக் கோணிப்பை மாட்டுவீங்களா?" என்று அதற்கும் அழுதாள். மல்லசமுத்திரத்தில் இருக்கும் அவள் அப்பாவுக்குப் போனில் சேதியும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் டெம்போவில் வந்து இறங்கினார். கூடவே இன்னொரு இலவம்பஞ்சு மெத்தை, பழையதைவிட இரண்டு மடங்கு தடிமனாக. மனுஷனுக்கு மூளை இருக்கிறதா?

"நம்ம தோட்டத்து மரத்துப் பஞ்சுங்க மாப்ளே. தூசுங்கிற பேச்சே இல்லீங்க, பாருங்க" என்று கட்டிலில் போட்டு ஓங்கி நாலு தட்டுத் தட்டினார். அறையே புகைமூட்டமாகிவிட்டது. நான் தும்ம வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். பதினொன்று வரை எண்ணினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"வர்ற வழியில எதிர்க்காத்துங்க, அதான்" என்றார், மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு.

"ஆமாங்க மாமா, கண்ணாடி ஏத்திவுட்ட டெம்போவுல காத்து அதிகந்தானுங்க" என்றேன்.

மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "போயி உறை வாங்கியாங்க, ரெண்டு" என்றாள்.