ஆறரை மணிச் சிந்தனை

தனுஜாவின் குரலைத் தெரியாதவர்கள் பொகவந்தலாவைப் பக்கம் குறைவு. முகத்தைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. நுவரெலியாவில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே இருக்கிற வானொலி நிலையத்தில், இரண்டு ஸ்வெட்டரும் காதை மூடிய தொப்பியுமாக உட்கார்ந்து, காலை ஐந்தரைக்கு ஊரையே எழுப்பிவிடுவது அவள் வேலை. "எழும்பி முகத்தைக் கழுவுங்க" என்று உற்சாகமாகச் சொல்கிற அந்த நேரத்தில் அவள் முகம் கழுவியிருக்கமாட்டாள். குழாய்த் தண்ணீர் அப்படிக் குளிரும்.

நிகழ்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பக்திப் பாடல்கள், ஆறு மணிக்குச் செய்தி, பிறகு பிறந்தநாள் வாழ்த்து, ஆறரைக்குச் சிந்தனை. அது முடிந்ததும் அவளும் கூட இருக்கிற அறிவிப்பாளன் ஜெரோமியும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே பாட்டுப் போடுவார்கள். ஏழே காலுக்கு விருந்தினர். ஒரு நாள் பல் டாக்டர், ஒரு நாள் கராத்தேயில் பதக்கம் வாங்கிய பிள்ளை, இன்னொரு நாள் கோவாப் பாத்திக்கு எப்போது மருந்தடிப்பது என்று சொல்ல ஒரு விவசாய அதிகாரி.

பாட்டு யாரோ பாடியது, செய்தி யாரோ எழுதியது. சிந்தனை மட்டும் தனுஜாவுடையது. அந்த ஐந்து நிமிடத்துக்காக முதல் நாள் பின்னேரம் முழுக்க சீ.ஆர். கொப்பியில் எழுதி எழுதி வெட்டுவாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டத்துப் பாலர் பாடசாலையில் இரண்டு வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, குரல் தேர்வில் தேறி இங்கே வந்தவள். லயத்துச் சனங்களுக்காகத்தான் பேசுகிறோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அதிலும் ஒரே ஒரு ஆள் கேட்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுவாள். அது அவள் அம்மா மீனம்மா, இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறவள்.

அந்த அம்மாவுக்குத்தான் தனுஜா ஒரு காரியம் செய்திருந்தாள். நல்ல காரியமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நிலையத்தின் ஆண்டு விழாவுக்குக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை விருந்தினராக அழைப்பதென்று முடிவானது. "ஒங்கம்மாவையே கூட்டிட்டு வாங்களேன் அக்கா" என்றான் ஜெரோமி. தனுஜாவும் சந்தோஷமாக அம்மாவுக்குச் சொல்லிவிட்டாள். கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மீனம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. மலையின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள், சிரித்தால் இன்னும் மோசம். தோட்டத்துத் துரையைப் பற்றிக் கேட்டால் துரையின் நாயைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுவாள். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் தனுஜா அம்மாவுக்குப் போன் எடுத்து, நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது என்று பொய் சொன்னாள். வேறொரு தோட்டத்திலிருந்து அடக்கமாகப் பேசுகிற ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். விழா நன்றாகவே நடந்தது.

பொய் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் ஆறரைக்கு, நடந்ததை நடந்தபடியே மைக்கில் சொல்லிவிட்டாள். "அம்மா, ஒங்கள நெனச்சு வெக்கப்பட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றபோது குரல் உடைந்தது. ஜெரோமி அவசரமாக ஒரு பாட்டைப் போட்டான். ஹட்டனிலிருந்து ஒரு பாடசாலை அதிபர் பிரதி கேட்டார். பேங்கில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் அழுததாகச் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பயந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். மீனம்மா ஒன்றும் கேட்கவில்லை. சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்து, இன்னும் ரெண்டு தின்னு என்றாள். மன்னித்துவிட்டாள் என்று தனுஜா எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷம் நிம்மதியாகவும் இருந்தாள்.

இந்த ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விருந்தினராக வந்த மாட்டு வைத்தியர் நானுஓயாவில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார். அவரை ஆறரைக்கே பேசவைத்து, சிந்தனையை ஏழு ஐந்துக்குத் தள்ளினார்கள். பசுவுக்கு மடி வீங்கினால் என்ன செய்வது என்று அவர் நன்றாகத்தான் சொன்னார்.

எட்டு மணிக்கு மேல் நிலையத்துப் போன் அலற ஆரம்பித்தது. பொகவந்தலாவைப் பக்கம் மூன்று தோட்டங்களில் பெண்கள் பெரட்டுக்குப் பிந்திப்போயிருந்தார்கள். காலையில் ஆள் எடுத்து வேலை பிரித்துக்கொடுக்கிற இடம் அது. ஏழு மணிக்கு அங்கே நிற்காதவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் மட்டும் இருபத்தேழு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

எல்லார் கையிலும் போன் இருக்கிறது, மணி பார்க்கத் தெரியாதா என்று நிலையத்து மெனேஜர் கேட்டார். மெனேஜர் காலையில் ரொட்டி தட்டியதில்லை. கை முழுக்க மாவும், ஒரு பக்கம் பிள்ளைக்குத் தலை வாருவதும், இன்னொரு பக்கம் சோறு கட்டுவதுமாக இருக்கிறவளுக்குப் போன் எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. ரேடியோதான் பாடிக்கொண்டிருக்கும். செய்தி வந்தால் சோற்றை இறக்க வேண்டும். பிறந்தநாள் வாழ்த்து வந்தால் மலைக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்ட வேண்டும். அதற்கு அடுத்தது என்ன என்பதை மீனம்மாதான் சொன்னாள், பத்தரை மணிக்குப் போன் எடுத்து.

"ஏன்டி, ஒனக்கு என்னா வந்துச்சு? மாட்டு டாக்டரு பேசிக்கிட்டே இருக்காரு, இன்னும் நேரமிருக்குன்னு நாங்களும் நிக்கிறோம்."

"மணியைப் பாத்திருக்கலாமில்லம்மா."

"நீ பேச ஆரம்பிச்சா கதவைப் பூட்டிட்டு எறங்குறது. லயமே அப்படித்தானே."

"அப்ப நான் பேசுறது?"

"அத எங்க கேக்குறது? 'வாழ்க்கையில'ன்னு நீ ஆரம்பிப்ப, நான் கோயிலடிக்குப் போயிருவேன்."

ஜெரோமி விழுந்து விழுந்து சிரித்தான். இனிமேல் சிந்தனையை ஆறரையை விட்டு யாரும் அசைக்கக்கூடாது என்று மெனேஜர் உத்தரவு போட்டார். வேறொரு நாளாக இருந்தால் தனுஜாவும் சிரித்திருப்பாள். பேங்கில் இரண்டு பெண்கள் அழுதார்கள், அதிபர் பிரதி கேட்டார், கேட்க வேண்டியவள் மட்டும் கதவைப் பூட்டிவிட்டு இறங்கியிருக்கிறாள். அன்றைக்கு வைத்த ரொட்டி வெறும் ரொட்டிதான். மூன்று வருஷமாகத் தான் ஏமாந்திருக்கிறோம் என்பதைவிட, இனி நேரில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பொகவந்தலாவைக்கு இன்னொரு பஸ், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் நான்கு வசனமாகச் சரிசெய்து வைத்திருந்தாள். மீனம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நான்கு வசனமும் உடைந்துபோய்த்தான் வெளியே வந்தது.

"அம்மா, அந்த ஆண்டு விழா ரத்தாகல. நான்தான் பொய் சொன்னேன். நீங்க வந்தா எனக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சேன்."

மீனம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்படிம்மா?"

"அன்னைக்கு மலையில சோலைமலைக் கங்காணி போன்ல ரேடியோ வச்சாரு. எல்லாருந்தான் கேட்டோம். அந்தப் பொம்பள நல்லாத்தான் பேசுனா."

எல்லாரும் என்றால், மகள் ரேடியோவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று மீனம்மா முன்பே சொல்லிவைத்திருந்த எல்லாரும். அவர்கள் நடுவே நின்று அம்மா இன்னொருத்தி பேசுவதைக் கேட்டிருக்கிறாள். தனுஜாவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ இன்னொரு பொய்யில்ல சொல்லணும்."

தனுஜா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். மீனம்மா அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு தனுஜா கேட்டாள்.

"நீங்க என்னம்மா பேசணும்னு இருந்தீங்க?"

"ஒரு வாரமா பறிச்சிக்கிட்டே சொல்லிச் சொல்லிப் பாத்தேன். பக்கத்து நெரையில நின்னவளுக்கே பாடமாயிருச்சு."

"இப்பச் சொல்லுங்க. நான் கேக்குறேன்."

மீனம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் வணக்கம். என்னுடைய பெயர் மீனம்மா" என்றாள். குரல் தாழ்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. அப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருப்பது தனுஜாவுக்குத் தெரியாது.

பிறகு நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. தனுஜா காத்திருந்தாள்.

"அதுக்கப்புறம் என்னமோ இருந்துச்சு" என்றாள் மீனம்மா. "மறந்துபோச்சுடி."