அப்பா சொன்ன விலை

எங்கள் தண்ணீர்த் தாங்கியின் வெடிப்பை ஒட்ட வந்தவர் ரெசின் பசையைக் கலக்கினார். அந்தக் காரமான வாசம் என்னை உடப்புக் கடற்கரையில் அப்பா பைபர் படகுகள் திருத்திய கொட்டிலுக்குக் கொண்டுபோனது.

அப்பா படகைக் கவிழ்த்து, முழுவதும் தட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார். சொன்னால் மாற்றமாட்டார்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் செல்வி மாமி வந்தார். அவருடைய கணவரைக் கடலில் யாரோ சுட்டிருந்தார்கள். குண்டு துளைத்த படகு மட்டும் கரையொதுங்கியிருந்தது.

"திருத்த எவ்வளவு காசு முடியும் அண்ணே? இனி மகன்தான் தொழிலுக்குப் போகணும்."

மகனுக்குப் பதினாறு வயது. அப்பா படகைத் தட்டிப் பார்த்து முடித்தார். பிறகு புதுப் படகின் பாதி விலையைச் சொன்னார். மாமி தலைகுனிந்தபடி போய்விட்டார்.

"ஏன் இப்படிச் சொன்னீங்க?" என்று அம்மா அதிர்ந்துபோய்க் கேட்டார்.

"அந்தப் பொடியன் கடலுக்குப் போகக்கூடாது."

ஆனால் வேறொருவர் ஓட்டைகளை வெளிப்பக்கம் மட்டும் மலிவாக அடைத்துக் கொடுத்தார். கச்சான் காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் ஒட்டுக் கழன்று, நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. கூடப் போனவன் நீந்தி வந்து சொன்னான். பையன் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு மாமி கொட்டிலுக்கு வந்தார்.

"உங்கள்ல கோவமில்லண்ணே. உண்மையா எவ்வளவு காசு முடிஞ்சிருக்கும்?"

அப்பா நிலத்தைப் பார்த்தபடி சரியான விலையைச் சொன்னார்.

"அவ்வளவு என்னட்ட இருந்திச்சே அண்ணே," என்றார் மாமி.