நூல் கட்டிய செம்பு

பிள்ளைகளே, சோர்ஸ், ஒரிஜின் என்ற இரண்டு இங்கிலீஷ் சொல்லுக்கும் அர்த்தம் ஒன்றுதானே என்று நேற்று கேட்டீர்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். ஆனாலும் அவை ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது, ஈப்போவுக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. பாரிட் புந்தாரில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். எங்களுக்கும் தொற்றிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். வந்த அன்றே ஒரு செம்பின் கழுத்தில் நூல் கட்டி, அத்தைக்கென்று பின்வாசலில் தனியாக வைத்தாள். அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா அதை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில், நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தண்ணீர்த் தொட்டியருகே அத்தை குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் விலகின.

"அது கைய விட்ட தண்ணிலா. தொரைகிட்ட சொல்லி வெளியாக்கணும்," என்றாள் அந்த அக்கா.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வந்ததும் எல்லோரும் அத்தையைக் காட்டினார்கள். அவர் அத்தையைப் பார்க்கவேயில்லை.

"இந்தத் தொட்டி சோர்ஸ். நீங்கள் அள்ளுற இடம். ஒரிஜின் எங்கை? தண்ணி துவங்கிற இடத்தைப் போய்ப் பாத்தனீங்களோ?"

ஒருவரும் பார்த்ததில்லை. அவரும் அப்பாவும் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் மூங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டே மேட்டில் ஏறினார்கள். ஊற்றுக்கு மேலே கங்காணியின் மாட்டுக் கொட்டகை; சாணி கரைந்து ஊற்றுக்குள் வடிந்துகொண்டிருந்தது. கொட்டகையை மாற்றினார்கள். பிள்ளைகள் தேறினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் நடவாதது போல அத்தையிடம் வெற்றிலை கேட்டாள்.

அத்தையோ துணி மூட்டையைக் கட்டினாள். ஈப்போ டவுன் பக்கம் சிலிபினில் ஒரு வீட்டில் சமையல் வேலையாம்.

"அதான் உங்க மேல தப்பில்லன்னு ஆயிருச்சே. ஏன்க்கா போறீங்க?" என்றார் அப்பா.

"லயத்துல பேசுனாங்க, சரி. யாரப் பாத்து அப்படிப் பேசக் கத்துக்கிட்டாங்க தம்பி?"

அப்பா பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அத்தை ஏன் அப்படிக் கேட்டாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் போன பிறகு, பின்வாசலில் நூலோடு கிடந்த செம்பைப் பார்த்ததும்தான் புரிந்தது. அம்மா துணி துவைக்கப் போன நேரம் பார்த்து, நூலை அவிழ்த்தேன். வீட்டுப் பானையில் அதை விட்டு மொண்டு குடித்தேன். பிறகு மற்றச் செம்புகளுக்கு நடுவில் கவிழ்த்து வைத்தேன்.