டத்தோவின் இரண்டு கண்கள்

நேற்று சிங்கப்பூரிலிருந்து அண்ணன் காணொளியில் கூப்பிட்டான். என்னோடு பேசிக்கொண்டே வேறெதையோ மேய்ந்துகொண்டிருந்தான். "அண்ணே, டத்தோ மாதிரி முழிக்காத லா!" என்றேன். சிரித்துவிட்டான்.

டத்தோ யாரென்று கேட்கிறீர்களா? அண்ணன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போன புதிதில் ஸ்கூடாய் ஊர்க் கடையொன்றில் வாங்கிவந்த பச்சோந்தி. நிதானமான நடை, அதனால் இங்கே பெரிய மனிதர்களுக்கு அரண்மனை கொடுக்கும் அந்தப் பட்டம். வேலியோரத்து ஓணானைத்தான் பிடித்துவந்துவிட்டான் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்ததும் சங்கதியே வேறு. இமை கூம்பாக மூடியிருக்கும். நுனியில் மிளகளவு ஓட்டை. ஒரு கண் மின்விசிறியைப் பார்க்கும்; மறுகண் அம்மாவைப் பார்க்கும்.

"ரெண்டு பக்கமும் வேவு பாக்குது, வீட்டுக்கு ஆகாது" என்பார் அம்மா.

பூச்சியைக் கண்டால் மட்டும் இரண்டு கண்ணும் முன்னால் திரும்பி ஒரே இடத்தில் நிற்கும். அப்புறம்தான் நாக்கு பாயும். "கேமரா ஃபோகஸ் பண்ற மாதிரி தூரத்த அளக்குது" என்று அண்ணன் பீற்றிக்கொள்வான்.

நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். பூனைக்கு வைப்பதுபோலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். அது சீந்தவேயில்லை. கண்கள் குழிவிழுந்து, பிறகு பட்டப்பகலிலேயே மூடிக்கொண்டன. எதிரே பூச்சி நடந்தும் அசையவில்லை. வேலைக்குக் கிளம்பிய அண்ணன் வாசலில் நின்று, "செத்துருவானா?" என்றான்.

வெயிலாவது படட்டும் என்று அதை அம்மாவின் கறிவேப்பிலைச் செடியில் ஏற்றிவிட்டேன். அம்மாவோ கண்ணாடி போடாமல் வந்து, வழக்கம்போல இலைகளுக்குத் தண்ணீர் பீய்ச்சினார். டத்தோ தலையிலும் நல்ல மழை! அலமாக், போச்சு என்று ஓடினேன். பார்த்தால், மூடிய கண் புடைத்து உருள்கிறது. உருண்டு உருண்டு தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. இலையில் நின்ற துளியை நக்கியது. துரைக்குக் கிண்ணத் தண்ணீர் இறங்காதாம்! ஓட்டை மெல்லத் திறந்தது.

"அட, முழிச்சிட்டியாடா கண்ணு!" என்று அம்மாதான் முதலில் கத்தினார்.

சாயங்காலம் தொழிற்சாலை பஸ் வந்ததும் கேட்டுக்கு ஓடி, "உன் டத்தோ பொழைச்சிட்டான்டா!" என்றார். அண்ணன் அங்கேயே அழுதுவிட்டான்.

டத்தோவை வேவுக்காரன் என்ற அம்மாவும் அதே ஜாதிதான். ஒரு கண் அடுப்பில், மறுகண் சாலையில். நாங்கள் உள்ளே நுழைந்தால் இரண்டும் எங்கள் முகத்தில் வந்து நிற்கும். முகம் வாடியிருந்தால் சொல்லாமலே தெரிந்துவிடும்.

டத்தோ போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. இப்போது அம்மாவும் இல்லை. கறிவேப்பிலைக்கு நான்தான் தண்ணீர் பீய்ச்சுகிறேன். வேலை முடிந்து வந்து கேட்டைத் திறக்கும்போது மட்டும், இரண்டு கண்ணாலும் என்னைப் பார்க்க ஆளில்லை.